தரங்கம்பாடி நமக்குச் சொல்வது

(சங்கத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற குடும்ப தின விழாவில், மலர்க் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

குடும்ப தினம் என்றால் பிள்ளைகளின் கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு, பிறகு பிரியாணி என்று நாள் இனிமையாகப் போய்விடும். இந்த ஆண்டு நம் சங்கத்துக்கு 50 வயது. அதனால், “நம் ஊர்களைப் பற்றி யாராவது கொஞ்ச நேரம் பேசுங்கள்” என்று செயற்குழு எங்களிடம் கேட்டுக்கொண்டது. பேசுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது. நம் சங்கத்தில் நீடூர்க்காரர்கள் இருக்கிறார்கள். வடகரை, அரங்கக்குடி, கிளியனூர், ஆக்கூர், சங்கரன்பந்தல் என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை உறவுகளும் இருக்கிறார்கள். ஓர் ஊரைப் பேசினால் இன்னோர் ஊருக்கு மனத்தாங்கல் வரும். யோசித்துப் பார்த்து, இந்த ஊர்களில் பலவற்றுக்கும் ஒரு காலத்தில் கலெக்டர் கச்சேரி இருந்த ஊரையே எடுத்துக்கொண்டோம். அதுதான் தரங்கம்பாடி.

“தரங்கம்பாடிக்குக் கலெக்டர் கச்சேரியா?” என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நம்மில் பலர் நாகூருக்குப் போகிற வழியில் அந்த ஊரைக் கடந்திருப்போம். மெயின் ரோட்டில் காரில் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். மீன்பிடி கிராமம், கொஞ்சம் கடைகள், சுற்றுலா வேன்கள், அவ்வளவுதான். எங்களில் சிலர் ஊருக்குப் போயிருந்தபோது, நாகூர் ஜியாரத்தை முடித்துக்கொண்டு காரைக்கால் வழியாக வடக்கே வந்து, அங்கே அரை நாள் தங்கிப் பார்த்தோம்.

மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் வெள்ளையடித்த பெரிய கோட்டை வாசல் ஒன்று நிற்கிறது. 1792-இல் திரும்பக் கட்டிய வாசல் அது. அதற்குள் நுழைந்தால் நேராகக் கடலுக்குப் போகும் தெரு. அதற்கு ராஜா வீதி என்று பெயர். அந்த ராஜா தஞ்சாவூர் ராஜா இல்லை, டென்மார்க் ராஜா! தெருவில் 1701-இல் கட்டிய சீயோன் கோயிலும், 1718-இல் கட்டிய புது எருசலேம் கோயிலும் இருக்கின்றன. தெரு முடியும் இடத்தில் வலது பக்கம் டேனிஷ் கோட்டை, இடது பக்கம் கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயில். அந்தக் கோயில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1300-களின் தொடக்கத்தில் எழுந்தது. அதில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மதிலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பள்ளிவாசல் தெருவும் உண்டு. நடந்து சுற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாத் தெருவையும் பார்த்துவிடலாம்.

இந்தச் சின்ன ஊருக்கு டென்மார்க்காரர்கள் எப்படி வந்தார்கள்?

1616-இல் டென்மார்க்கில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் குறி வைத்தது இலங்கை. அங்கே காரியம் ஆகவில்லை. அவர்களுடைய கப்பல் ஒன்றைக் காரைக்கால் பக்கத்துக் கடலில் போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தார்கள். அதில் தப்பித்த ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் போய் இரகுநாத நாயக்கரைச் சந்தித்தார். பின்னால் கடற்படைத் தலைவர் ஓவே கியேட் வந்து சேர்ந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு இந்தக் கரையோர நிலத்தை நாயக்கர் கொடுத்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். 400 ஆண்டு கழித்தும் அந்தத் தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில், டென்மார்க் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அவர்கள் கோட்டை கட்டினார்கள், வியாபாரம் செய்தார்கள். ஆனால் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. அங்கே ஐரோப்பாவில் போர், இங்கே கடன். 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. 29 ஆண்டுகள் வரவில்லை! இடையில் 1648-இல் அரசர் இறந்துபோனார். 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற ஒருவர் பொறுப்பை ஏற்று, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் அவர் காலத்தில்தான். காசுக்கு என்ன செய்தார்கள் என்றால், வங்காளத்துக் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1669-இல் ஒரு வழியாக டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் அவர்களுடைய கொடி பறந்துகொண்டிருந்தது.

சபுர் போனவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கதை எளிதில் புரியும். ஊரிலிருந்து கடிதம் வராதா, கப்பல் வராதா என்று காத்திருப்பது என்னவென்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே காத்திருந்தவர் பரதேசத்தில் இருந்த ஆண். நம் கதையில் காத்திருந்தவர்கள் ஊரில் இருந்த பெண்கள். அவர் காத்திருந்தது புத்தகத்தில் இருக்கிறது. நம் பாட்டிமார் காத்திருந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கொஞ்சம் முன்னே போவோம். 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞர் தம் தோழர் புளுட்ஷோவுடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மதப் பணிக்காக வந்தவர். அந்தப் பணியைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அவர் தமிழ் கற்ற விதத்தைத்தான் சொல்ல வந்தோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்து அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1708-இல் எழுதிய அந்தப் பட்டியலில் சைவ, வைணவ, சமண நூல்களோடு முஸ்லிம்கள் தமிழில் எழுதிய நூல்களும் இருக்கின்றன. நம் முன்னோர் தமிழில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு, ஒரு வெளிநாட்டவர் எழுதி வைத்த சாட்சி அது.

அவர் அச்சுக்கூடம் வைத்தார். தமிழ் அச்சு அதற்கு முன்பே 1578-இல் கொல்லத்தில் நடந்ததுதான். ஆனால் இடையில் அந்த வேலை நின்றுபோயிருந்தது. தரங்கம்பாடியில் அது மறுபடி உயிர் பெற்றது. எழுத்து இருந்தால் போதுமா, காகிதம் வேண்டாமா? பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறை வைத்தார்கள். பட்டறை என்றோ மூடிவிட்டது. அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் காகிதத்தைக் “கடுதாசி” என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல்லை விடவில்லை.

சீகன்பால்கும் அவருடன் இருந்தவர்களும் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஊரில் இருந்த தமிழர்களிடம் கேள்விகளைக் கொடுத்து, வாழ்க்கை, வழக்கம், நம்பிக்கை எல்லாவற்றையும் பற்றிக் கடிதமாக எழுதித் தரச் சொன்னார்கள். 1712-லிருந்து வந்த அந்தக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சிட்டார்கள். 300 ஆண்டுக்கு முன்னால் அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இன்றும் படிக்கலாம். ஆனால் எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் வரவில்லை. கேள்வி கேட்டவர் பெயர் இருக்கிறது. பதில் எழுதியவர் பெயர் இல்லை.

இந்த ஊருக்கும் நாம் வாழும் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். துணிதான் தொடர்பு. சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்குக் கெடாவிலும் அச்சேயிலும் ஜாவாவிலும் கிராக்கி இருந்தது. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து கெடாவுக்குக் கப்பல் ஓட்டினார்கள். அதே கடலில் நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் தங்கள் சொந்தக் கப்பல்களில் போய் வந்துகொண்டிருந்தார்கள். காற்றுக்காகக் காத்திருந்து பாய் விரித்துப் போனவர்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் அமைந்தது. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் தொடங்கியது. அந்தப் பள்ளிவாசல்களின் முதல் சஃப்பில் நின்றவர்கள் அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள். டேனிஷ் கம்பெனி தன் கப்பல் போனதை எழுதி வைத்தது. நம் ஆட்கள் போனதைப் பெரும்பாலும் மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்தகங்களில் எழுதியதெல்லாம் நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். பஞ்சம் வந்த ஆண்டுகளில் ஏழை மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றிய வியாபாரமும் அந்தக் கரையில் நடந்தது. சரக்குக் கணக்கோடு சேர்த்து மனிதர்களையும் கணக்கெழுதினார்கள். யார் எழுதுகிறாரோ அவருடைய கண்ணால்தான் வரலாறு தெரிகிறது. நாமே எழுத வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கலெக்டர் கதைக்கு வருகிறோம்.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. 225 ஆண்டு ஆட்சி ஒரு கிரயப் பத்திரத்தோடு முடிந்தது. அப்போது தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி நாகப்பட்டினத்தில் இருந்தது. தரங்கம்பாடியில் நல்ல கட்டடங்கள் காலியாகக் கிடைத்ததும் கச்சேரியை அங்கே மாற்றினார்கள். காவிரி பாயும் அவ்வளவு பெரிய ஜில்லாவுக்கு இந்தச் சின்ன ஊர் தலைநகரம் ஆயிற்று. நில வரி, பட்டா, வழக்கு என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்கு வந்தார்கள். நம் பாட்டன்மார்களின் பாட்டன்மாரும் வந்திருப்பார்கள். “பிரதாப முதலியார் சரித்திரம்” எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியில் முன்சீபாக இருந்தவர்தான்.

இந்தப் பெருமை நீடிக்கவில்லை. பதினைந்து ஆண்டுதான். 1860-ஐ ஒட்டிக் கலெக்டர் கச்சேரி தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டது. அதோடு இன்னோர் அடியும் விழுந்தது. 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் போன துறைமுகத்துக்குச் சரக்குப் போனது, சரக்குப் போன இடத்துக்கு வியாபாரி போனார். தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது. பிற்பாடு நம் ஆட்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறியதும் நாகப்பட்டினத்தில்தான். “ரஜூலா” என்ற பெயரைச் சொன்னால் இங்கே இருக்கும் பெரியவர்கள் முகம் மலரும். அதற்குப் பின்னால் “சிதம்பரம்”. 1985-இல் தீ விபத்து நடந்த பிறகு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது.

தரங்கம்பாடிக்கும் ரயில் வந்தது. எப்போது? 1926-இல்! மாயவரத்திலிருந்து ஒரு கிளைப் பாதை. துறைமுகம் படுத்து அறுபது ஆண்டு கழித்து வந்த ரயில். அதையும் 1986-இல் நிறுத்திவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஊரின் மீனவர் குடியிருப்பு பெரும் அழிவைக் கண்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அல்லாஹ் அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிக்கட்டும். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. 160 ஆண்டுகளுக்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் தரங்கம்பாடிக்குத் திரும்பவில்லை.

இவ்வளவையும் இழந்த ஊர் எப்படி மறக்கப்படாமல் இருக்கிறது? துறைமுகம் போனது, கலெக்டர் போனார், ரயில் போனது, கோயிலில் பாதியைக் கடல் கொண்டுபோனது. ஆனாலும் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து ஆட்கள் வந்து பழைய வீடுகளைப் பழுது பார்க்க உதவுகிறார்கள். ஆய்வு செய்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள். தங்களை விட்டுப் போன ஓர் ஊருக்கு ஏன் இவ்வளவு செய்கிறார்கள்? அவர்கள் கையில் கடுதாசி இருக்கிறது. யார் எப்போது வந்தார், எந்த வீட்டில் இருந்தார், எந்தத் தெரு எங்கே முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் வரைபடம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி கோபன்ஹேகனில் இருக்கிறது. ஒரு பகுதி சென்னை ஆவணக் காப்பகத்திலும் இருக்கிறது. எழுதி வைத்ததனால் ஊர் பிழைத்தது.

பக்கத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தரங்கம்பாடிக்கு அருகில் தில்லையாடி என்று ஒரு கிராமம். அங்கிருந்து பிழைக்கத் தென்னாப்பிரிக்கா போன குடும்பத்தில் பிறந்தவர் வள்ளியம்மை. காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, நோய்வாய்ப்பட்டு, 1914-இல் பதினாறு வயதில் இறந்துபோனார். காந்தி தம் நூலில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினார். 1915-இல் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் நேரிலேயே வந்தார். இன்று தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மையைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அவர் குடும்பத்தைப் போலக் கப்பல்களில் போன மற்றவர்கள்? அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களும் உழைத்தவர்கள்தான், கஷ்டப்பட்டவர்கள்தான். அவர்களைப் பற்றி எழுத ஓர் ஆள் இல்லை.

பெரியோர்களே, இப்போது எங்கள் சொந்த வெட்கத்தைச் சொல்ல வேண்டும்.

இந்த மலருக்குச் செய்தி திரட்டத் தொடங்கியபோது, முதல் வேலையாகச் சங்கத்தின் முதல் கூட்டக் குறிப்பேட்டைத் தேடினோம். கிடைக்கவில்லை. ஆரம்ப காலத்தில் நம் ஆபீஸ் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கிருந்து மாறியபோது காகிதங்களை மூட்டை கட்டி ஒரு ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். கூரை ஒழுகி நனைந்துபோனது. யாரோ குப்பை என்று நினைத்து அப்புறப்படுத்திவிட்டார்கள். முதல் பதினொரு ஆண்டுகளின் குறிப்பேடு நம்மிடம் இல்லை. 400 ஆண்டுக்கு முந்தைய கடிதத்தைக் குளிர் நாட்டுக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். 50 ஆண்டுக் குறிப்பேட்டை நம்மால் வைத்திருக்க முடியவில்லை. இதில் எந்த ஒருவர் மேலும் குற்றம் இல்லை. இங்கே பேசும் நாங்கள் உட்பட எல்லோர் மேலும் இருக்கிறது.

தப்பியது ஒரே ஒரு புகைப்படம். தொடக்க விழா நாளில் எடுத்தது. இருபத்து மூன்று பேர் நிற்கிறார்கள். வீடு வீடாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். பதினான்கு பேரை அடையாளம் கண்டுபிடித்தோம். அதில் ஒருவரை அவருடைய பேத்தி, தொப்பியைச் சற்றுச் சாய்த்துப் போட்டிருக்கும் விதத்தை வைத்துக் கண்டுபிடித்தார். “எங்க அத்தாவும் கடைசி வரை இப்படித்தான் போடுவார், அவர் அத்தாவிடம் கற்றது” என்றார். மீதி ஒன்பது பேர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பது பேரும் காசு போட்டிருப்பார்கள். கடை அடைத்த பிறகு இரவில் கூட்டத்துக்கு நடந்து வந்திருப்பார்கள். இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இந்த மலரில் அந்தப் படத்தை அச்சிட்டு, ஒன்பது பேருக்குக் கீழே இடம் காலியாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.

கடுதாசியின் அருமை நம் சமுதாயத்துக்குத் தெரியாதது அல்ல. 1968-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று ஆயிற்று. அந்த நாள்களில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தவர் தப்பித்தார், தொலைத்தவர் திண்டாடினார். சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் நீல ஐசிக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்று இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். இருபது, முப்பது ஆண்டு இந்த நாட்டில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அரசாங்கம் கேட்கிற கடுதாசியை அன்று முதல் பத்திரமாக வைக்கக் கற்றுக்கொண்டோம். பேரப்பிள்ளைகள் கேட்கப் போகிற கடுதாசியை இன்னும் எழுதவே தொடங்கவில்லை.

பிள்ளைகள் கேட்பார்களா என்று சிலர் நினைக்கலாம். கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொன்னால், “பாட்டனார் எந்த வருஷம் வந்தார்? எந்தக் கப்பலில் வந்தார்? வந்து முதலில் என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்கிறார்கள். நாம் என்ன சொல்கிறோம்? “அந்தக் காலத்தில் வந்தார்ப்பா” என்கிறோம். “அந்தக் காலம்” என்று காலண்டரில் ஒரு வருடம் கிடையாது!

ஆகவே, இந்தப் பொன்விழா ஆண்டில் சங்கத்தின் சார்பில் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். பணம் கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

முதலாவது, வீட்டில் இருக்கும் பழைய படங்களின் பின்பக்கம், படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், எடுத்த வருடம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். இன்றிரவே எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள்.

இரண்டாவது, பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், சிவப்பு ஐசி, கடை வாடகை ரசீது, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம், எது இருந்தாலும் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். நமக்குக் குப்பையாகத் தெரியும் ஒரு ரசீதில்தான் ஒரு கடையின் முதல் முகவரி இருக்கும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ஆண்கள் சபுர் போன கதையாவது அங்கங்கே இருக்கிறது. அவர்கள் வரும் வரை நெல்லையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்கள், வந்த கடிதத்தைப் படித்துக் காட்ட ஆள் தேடிப் போனவர்கள், பிறகு முன்பின் தெரியாத நாட்டுக்குக் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர்கள் கதையை யாரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் “என்னத்தச் சொல்றது” என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள், வந்துவிடும்.

இப்படிச் சேர்ப்பதையெல்லாம் ஓர் அலமாரியில் மட்டும் பூட்டி வைக்கப் போவதில்லை. நகல்களைக் கணினியிலும் வைத்து, இரண்டு இடங்களில் பாதுகாக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. கூரை ஒழுகினால் ஒரு பிரதி போகட்டும், இன்னொன்று இருக்கட்டும்.

தரங்கம்பாடியிலிருந்து கிளம்பும்போது கோட்டைக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனிடம், “தம்பி, இந்த ஊர்தான் ஒரு காலத்தில் ஜில்லாவுக்குத் தலைநகரம், தெரியுமா?” என்று கேட்டோம். “தெரியும், எங்க வாத்தியார் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க ஓடினான். பதவி போய் 160 ஆண்டு ஆன ஊரின் பையனுக்குத் தன் ஊர்க் கதை தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகளிடம் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று யாராவது கேட்டால், அவர்களும் “தெரியும், எங்க வீட்டில் சொல்லியிருக்காங்க” என்று பதில் சொல்ல வேண்டும். இன்ஷா அல்லாஹ், நூறாவது ஆண்டு மலரைத் தொகுக்கப் போகிறவர்கள் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் காலி இடங்களை விட்டுப் போகக் கூடாது.

 பிரியாணி வாசனை வந்துவிட்டது, இனியும் பேசினால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள்.